வராதவள் வந்ததற்குச் சாட்சி

அத்தியாயம் 3

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்குத் துப்பறிவாளர் தேவதாஸ் ஒரு கொலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடமாகவே எதிர்பார்க்கிறார். வருவதெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே யாரோடாவது பழக்கமா என்கிற விசாரணைகள்தாம். புதுச்சேரியில் முதல் கேள்விக்குத் துப்பறிவாளரே தேவையில்லை.

காந்தி வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். வாசலில் 'தேவதாஸ் துப்பறியும் நிலையம்' என்று பெரிதாக ஒரு பலகை. அதற்குக் கீழே, 'இங்கு ஜெராக்ஸ் எடுக்கப்படும்' என்று அதைவிடப் பெரிதாக இன்னொன்று. இரண்டாவது பலகை உதவியாளர் ஹேமலதாவின் யோசனை. ஒரு டிராவல்ஸில் ஏழு வருடம் டிக்கெட் போட்டவள் அவள். வாய் அடங்காததால் வேலையை விட்டாள் என்பாள். வேலைதான் அவளை விட்டது என்பது தேவதாஸ் துப்பறிந்து கண்டுபிடித்த உண்மை.

படியேறி வந்தவர்கள் மூன்று பேர். மகள், அம்மா, அப்பா.

"ஜெராக்ஸா?" என்றாள் ஹேமலதா.

"இல்லீங்கக்கா. துப்பறியணும்" என்றாள் மகள்.

தேவதாஸ் நாற்காலியை விட்டே எழுந்து நின்றுவிட்டார்.

மகளின் பெயர் செந்தமிழ்ச்செல்வி. நர்ஸ். உழவர்கரையில் வீடு. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தேர்வாகி, இங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, போன வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று இருபது விமானத்துக்குச் சென்னைக்குப் போயிருக்கிறாள். வெண்கொக்கு ஏர்வேஸ். கவுண்டர் மூடுவது பன்னிரண்டு இருபதுக்கு. அவள் விமான நிலையத்துக்குள் நுழைந்தது பத்தேகாலுக்கு.

"பொட்டிய எடை போட்டாங்க சார். சீட்டு ஒட்டினாங்க. அப்பறம் அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, இடம் கொஞ்சம் டைட்டா இருக்கு, ஓரமா நில்லுங்கன்னுச்சு. நின்னேன். என்னோட இன்னும் நாலு பேரு. பன்னெண்டேமுக்காலுக்கு வந்து, நீங்க லேட்டு, கவுண்டர் மூடியாச்சு, கெளம்புங்கன்னாங்க."

"ஓரமா நிக்க வெச்சே லேட்டாக்கிட்டாங்க" என்றாள் ஹேமலதா. "ஃப்ளைட்ல இருக்கற சீட்டுக்கு மேல டிக்கெட்ட வித்துட்டு, யாரு மூஞ்சி சாதுவா இருக்கோ அவங்களத் தள்ளிடறது. நான் இருந்த எடத்துல இதுக்குத் தனியா ஒரு பேரே உண்டு. சொன்னா சார் காதப் பொத்திக்குவாரு."

"இப்ப அவங்க கணக்குல நான் நேரத்துக்கு வரவே இல்லையாம் சார். பன்னெண்டு முப்பத்தஞ்சுக்குத்தான் வந்தேன்னு எழுதி வெச்சிருக்காங்க. மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கறவங்க, இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள நேரத்துக்கு வந்ததுக்கு அத்தாட்சி அனுப்புன்னு மெயில் போட்டாங்க. இல்லன்னா இடம் அடுத்த ஆளுக்கு. ரெண்டு வருசத்துக்கு என் பேரையும் எடுக்க மாட்டாங்களாம்." செல்வி அழவில்லை. அழுகையெல்லாம் சனி, ஞாயிறில் தீர்ந்திருந்தது. "பழைய வேலைல வேற ஆளு போட்டுட்டாங்க சார்."

தேவதாஸ் பேனாவைத் திறந்தார். "பெட்டியில் ஒட்டின சீட்டு எங்கே? அதில் நேரம் அச்சாகியிருக்குமே."

செல்வி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ராஜாம்பாள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"எரிச்சிட்டேன்" என்றாள் ராஜாம்பாள்.

"என்ன?"

"வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கற நேரத்துல திருஷ்டி கழிச்சேன். உப்பு, மொளகா, தெரு மண்ணு, கூட அந்தச் சீட்டு. எம் பொண்ணு பேரு எழுதி ஊரு பூரா பாக்குற மாரி பொட்டில தொங்குச்சு. கண்ணு அதுமேலதான் பட்டிருக்கு."

"வெடிச்சுதாம்மா?" என்றாள் ஹேமலதா அக்கறையாக.

"மொளகா நெடியே வரல. அவ்ளோ கண்ணு."

தேவதாஸ் மனம் தளரவில்லை. "வழியனுப்ப எத்தனை பேர் போனீர்கள்?"

"வேன் வெச்சு பதினோரு பேரு."

"அப்படியென்றால் பதினோரு போன். வாசலில் நின்று போட்டோ எடுத்திருப்பீர்களே!"

"நூத்தி நாப்பது இருந்துது" என்றாள் செல்வி. "திரும்பி வரப்ப திண்டிவனத்துகிட்ட வேன நிறுத்தி எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிடுச்சு அம்மா. ஸ்டேட்டஸ்ல பாத்துட்டு யாராச்சும் விசாரிச்சா மானம் போயிடுமாம்."

"அழித்தாலும் போனின் குப்பைத்தொட்டியில் இருக்குமே."

"விஜய்னு எங்க சித்தப்பா பையன். கம்ப்யூட்டர் படிச்சவன். பதினோரு போன்லயும் குப்பத்தொட்டியக்கூட காலி பண்ணிட்டான்."

ஹேமலதா மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "சார், தடயத்த அழிக்கறதுக்கு இவ்ளோ ஒத்துமையா ஒரு குடும்பம் வேல செஞ்சு நான் பாத்ததே இல்ல. நமக்கு எப்பவாச்சும் கொலக் கேசு வந்தா இவங்கள எதிர்க்கட்சில விட்டுடக் கூடாது."

தேவதாஸ் எழுந்து சுவரில் தொங்கிய நாள்காட்டியிடம் போனார். கிழித்த தாள்களைக் கணக்குப்போடச் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்துப் படித்தவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஹேமலதா! வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு! இந்தம்மா இருக்கும் வீட்டில் மகளை ராகு காலத்தில் வாசல் தாண்ட விடுவார்களா? அதனால்தான் அவசரமாகப் பத்தேகாலுக்கே உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்!"

"ஆமாங்க சார்!" என்றாள் ராஜாம்பாள் பரவசமாக.

"சூப்பர் சார்" என்றாள் ஹேமலதா. "ராகு காலம் முடியட்டும்னு பன்னெண்டு மணி வரைக்கும் வேன்லயே ஒக்காந்துட்டு, அப்பறமா கெளம்பி முப்பத்தஞ்சுக்குப் போய்ச் சேந்தாங்கன்னு ஏர்வேஸ்காரன் சொல்லுவான். அவனுக்கு நாமளே பாயிண்ட் எடுத்துக் குடுத்த மாரி ஆச்சு."

தேவதாஸ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வெளிச்சமும் அதோடு போய்விட்டது.

இத்தனை நேரமும் அப்பா தணிகாசலம் ஒரு வார்த்தை பேசவில்லை. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவர். வெள்ளைச் சட்டை. சட்டைப்பையின் விளிம்பில் நீலமாக ஒரு கறை. வலது உள்ளங்கையால் அந்தப் பையை அடிக்கடி மூடிக்கொண்டார். நெஞ்சுவலியோ என்று தேவதாஸுக்குக் கவலை வந்தது.

"பேனா லீக்காவுதா அண்ணே?" என்றாள் ஹேமலதா.

"அ… ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வழக்குப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சட்டைப்பையிலிருந்த ஒரே பேனாவை எடுத்துக் கறுப்பு மையில் 'த. தணிகாசலம்' என்று நிறுத்தி எழுதினார். கீழே தேதியும் நேரமும் தானாகவே போட்டார். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

இனி ஒரே வழிதான் இருந்தது. வெண்கொக்கு ஏர்வேஸுக்குப் புதுச்சேரியில் ஒரு முகவர் உண்டு. கோபிநாத். அலுவலகம் ரங்கப்பிள்ளை வீதி. விமானக் கம்பெனியின் பதிவில் வெள்ளிக்கிழமை என்ன இருக்கிறதென்று அவரால் பார்க்க முடியும். குடும்பத்தை அலுவலகத்திலேயே உட்காரவைத்துவிட்டுத் தேவதாஸும் ஹேமலதாவும் ஸ்கூட்டரில் பறந்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐந்து. கதவில் பூட்டு. பக்கத்தில் ஓர் அட்டை: 'மதிய இடைவேளை 1 முதல் 4 வரை.'

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி, கோப்புகளைக் கட்டி, கப்பலேறிப் போய்விட்டார்கள். மதியத் தூக்கத்தை மட்டும் பொறுப்பாக ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஊர் அதை இன்றுவரை கட்டிக் காக்கிறது.

"மாடிலதான் வீடு" என்றாள் ஹேமலதா. அண்ணாந்து பார்த்தார்கள். திறந்த ஜன்னல் வழியே சீரான குறட்டை இறங்கி வந்தது. தேவதாஸ் கூப்பிட்டார். கதவைத் தட்டினார். ஹேமலதா இரண்டு முறை ஸ்கூட்டர் ஹாரனை அடித்தாள். குறட்டை ஒரு கணம் நின்றது. பிறகு மேல் சுருதியில் தொடங்கியது.

வாசற்படியில் உட்கார்ந்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்கள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். நீங்கள் வரிசையில் பதினான்காவதாக இருக்கிறீர்கள்' என்றது ஒரு குரல். புல்லாங்குழல் வாசித்தது. இருபது நிமிடம் கழித்து, 'நீங்கள் வரிசையில் பதினேழாவதாக இருக்கிறீர்கள்' என்றது.

"பின்னாடி போறோம் சார்."

"எப்படி?"

"இங்கயும் ஓரமா நிக்கச் சொல்லிட்டாங்கபோல."

தேவதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் பெண் அங்கேயே என்ன செய்திருக்க வேண்டும், ஹேமலதா?"

"ஏத்த மாட்டேன்னா ஏன்னு எழுதிக் குடுன்னு கேக்கணும். கவுண்டர் நம்பர், யாரு சொன்னாங்க, எத்தன மணின்னு அங்கயே குறிச்சுக்கணும். அவங்க கையால ஒரு கையெழுத்து, ஒரு சீல் வாங்கணும். சீட்டப் பத்திரமா வெக்கணும், கற்பூரத்துல வெக்கக் கூடாது. இதெல்லாம் தெரிஞ்ச நானே ஒரு தடவ கோயம்புத்தூர்ல மாட்டினப்ப என்ன பண்ணேன் தெரியுமா சார்?"

"என்ன?"

"தேங்க்யூன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த யூனிஃபார்மப் பாத்தா அப்டித்தான் வருது."

மணி இரண்டானது. மூன்றானது. வீதி மெதுவாகக் கண் விழித்து ஷட்டர்களைத் தூக்கியது. நாலு பத்துக்குக் கோபிநாத் தலைவாரி, விபூதி பூசி, பளிச்சென்று இறங்கி வந்தார்.

"காத்துனு இருந்தீங்களா? கூப்ட்டிருக்கலாமே!"

ஹேமலதா வாயைத் திறக்குமுன் தேவதாஸ் விஷயத்தைச் சொல்லி முடித்தார். கோபிநாத் கம்ப்யூட்டரைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஒண்ணும் பண்ண முடியாது சார். பயணி வரலன்னு முடிச்சாச்சு."

"கேமராப் பதிவு?"

"எழுதிப் போடுங்க, முப்பது நாள்ல பதில் வரும். ஆனா எதுக்கு? அவங்க வீட்லயே ஒத்துக்கிட்டாங்களே."

"யார் ஒத்துக்கொண்டது?"

"பொண்ணோட அப்பா." கோபிநாத் திரையைத் திருப்பினார். கம்பெனியின் கோப்பில் ஒரு படம் இருந்தது. மடித்த காகிதத்தின் கீழ்ப்பாதி. கறுப்பு மையில், நிறுத்தி எழுதிய கையெழுத்து.

'தாமதத்துக்கு மன்னிக்கவும். இனி இதுபோல் நடக்காது என உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, த. தணிகாசலம்.'

சாட்சி தேடிப் போன இடத்தில் சாட்சி கிடைத்துவிட்டது. எதிர்த்தரப்புக்கு. கோபிநாத் அதன் பிரதி ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுத்து, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றியும் சொன்னார்.

திரும்பும்போது ஹேமலதா ஸ்கூட்டரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது முதல் முறை என்பதால் தேவதாஸுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மாடியேறியபோது நாலு முப்பத்தாறு. தேவதாஸ் காகிதத்தைத் தணிகாசலத்தின் முன்னால் வைத்தார். செல்வி எட்டிப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"நீ எழுதனதாப்பா?"

தணிகாசலத்தின் உள்ளங்கை சட்டைப்பைக்குப் போனது. "நீ போன்ல அழுதியேம்மா. ஓரமா நிக்க வெச்சிருக்காங்கன்னு. என்னை உள்ள விடல. வெளிப்பக்கம் அவங்க டிக்கெட் ஜன்னல் ஒண்ணு இருந்துது, அங்க ஓடினேன். எழுதிக் குடுத்தேன்."

"நாமதான் ரெண்டு மணி நேரம் முன்னாலயே போனமே! எதுக்கு மன்னிப்பு கேட்ட?"

"கேட்டா உள்ள விடுவாங்கம்மா." அவர் மிகவும் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "எங்க கம்பெனி கேட்டுல இருபத்தாறு வருசமா அப்டித்தான். கேட்டுக் கடிகாரம் ஏழு நிமிசம் வேகமா ஓடும். நேரத்துக்குப் போனாலும் லேட்டுதான். சண்ட போட்டா வெளிய. லெட்டர் குடுத்தா உள்ள. தெனம் யாராச்சும் நாலு பேரு எழுதுவோம்."

"நெசமா எத்தன நாளுப்பா லேட்டா போயிருக்க?"

"மூணு. ஒண்ணு நீ பொறந்த அன்னிக்கு."

ராஜாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மணி நாலு நாற்பது. இருபது நிமிடத்தில் மஸ்கட் இன்னொருத்தியுடையதாகிவிடும். கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தேவதாஸ் அந்தக் கறுப்பு எழுத்துகளையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தில் இருந்த கறுப்புக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நீலக் கறையை.

"தணிகாசலம், உங்களிடம் நீலப் பேனா உண்டா?"

"இல்லீங்க. கேட்டுல கறுப்பு மைதான் எடுத்துக்குவாங்க."

"கறுப்புப் பேனா லீக்கானால் கறை எப்படி நீலமாக இருக்கும்?"

ஹேமலதா நிமிர்ந்தாள்.

"நான் துப்பறிவாளன் ஆகும் முன்னால் பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீஸில் பதினாறு வருடம் குமாஸ்தா. அங்கே எல்லார் பெருவிரலும் இந்த நிறத்தில்தான் இருக்கும். அது மை இல்லை, கார்பன் தாள். கார்பன் இருந்தால் நகல் இருக்கும். பையை நீங்கள் மூடியது வலியால் இல்லை. எடுங்கள்."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். "கம்பெனில ரெண்டு பிரதி எழுதணுங்க. இல்லன்னா அவங்க தொலச்சிட்டு நாம குடுக்கலன்னுவாங்க. எப்பவும் பையில ரெண்டு தாளு, நடுவுல ஒரு கார்பன் இருக்கும். அதனால… நான் எழுதனதாலதான் எம் பொண்ணு வாழ்க்க போச்சுன்னு யாருக்கும் தெரிய வேணாம்னுதான்…"

நாலாக மடித்த தாள் ஒன்று வெளியே வந்தது. தேவதாஸ் விரித்தார். விமானக் கம்பெனி மடித்து மறைத்த மேல்பாதி இதில் முழுதாக இருந்தது, நீல எழுத்தில்.

'வெள்ளிக்கிழமை. நேரம் காலை 11.25. இடம் வெண்கொக்கு டிக்கெட் ஜன்னல். என் மகள் த. செந்தமிழ்ச்செல்வி காலை 10.15க்கு உள்ளே சென்று, பெட்டி எடை போட்டு, 11.10 முதல் 34ஆம் கவுண்டரில் ஓரமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார்…'

அதற்குக் கீழேதான் மன்னிப்பு. மன்னிப்புக்கும் கீழே வேறு ஒருவருடைய அவசரக் கையெழுத்து, 'பெற்றுக்கொண்டேன்', வெள்ளைக் கொக்கு பறக்கும் வட்ட முத்திரை, அதன் குறுக்கே 11.32.

"இந்த நேரத்தை எழுதியது யார்?" என்றார் தேவதாஸ்.

"ஜன்னல்ல இருந்தவருதாங்க. நகல்ல வாங்கறவங்க கையெழுத்து, சீலு, அவங்க கடிகாரத்துல என்ன மணியோ அதையும் அவங்க கையாலயே எழுதி வாங்கிடுவேன். நம்ம கடிகாரம் தப்புன்னு பின்னால சண்ட வரும் பாருங்க."

ஹேமலதா தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"சார்" என்றாள் ஹேமலதா. "மதியம் படில ஒக்காந்து நான் சொன்ன பட்டியல்ல ஒண்ணு விடாம பண்ணிட்டு, கடைசில மன்னிப்பும் கேட்டிருக்காரு சார் இவரு."

கவுண்டர் மூடுவதற்கு நாற்பத்தெட்டு நிமிடம் முன்பே அவள் அங்கே நின்றாள் என்று விமானக் கம்பெனியே முத்திரை குத்தியிருக்கிறது. ஜெராக்ஸ் மெஷின் அந்த நிலையத்தின் சரித்திரத்தில் முதல் முறையாகத் துப்பறியும் வேலை பார்த்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு மெயில் போனது. ஐவரும் திரையைச் சுற்றி நின்றார்கள்.

நாலு ஐம்பத்தொன்பதுக்குப் பதில் வந்தது. செல்வி சத்தமாகப் படித்தாள்.

"அத்தாட்சி ஏற்கப்பட்டது. உங்கள் இடம் அப்படியே இருக்கிறது. வியாழக்கிழமைக்குப் புது டிக்கெட் இணைத்துள்ளோம்…"

ராஜாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹேமலதா விசிலடித்தாள். தேவதாஸ் சாய்ந்து உட்கார்ந்து, கொலை வராவிட்டால்தான் என்ன என்று பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நினைத்தார்.

செல்வி டிக்கெட்டைத் திறந்தாள். மேலே ஒரு வெள்ளைக் கொக்கு பறந்துகொண்டிருந்தது.

"வெண்கொக்கு" என்றாள். "அதே ஒண்ணு இருபது."

விசில் பாதியில் நின்றது. முத்திரை, கையெழுத்து எல்லாம் கையில் இருந்தன. வியாழக்கிழமை அதே கவுண்டரில், அதே பெண்ணிடம்தான் போய் நிற்க வேண்டும்.

தணிகாசலம் மெல்ல நாற்காலியை மேசைப்பக்கம் திருப்பினார். பையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்தார். நடுவில் கார்பனைச் செருகி, ஓரம் சேர்த்துத் தட்டினார். 'வியாழக்கிழமை' என்று எழுதினார். நேரத்துக்கு இடம் விட்டார். மகள் பெயர், விமானம், கவுண்டருக்கு ஒரு காலியிடம். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் கை தானாக ஓடி, 'தாமதத்துக்கு' என்று தொடங்கியபோது செல்வி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுதுப்பா. ஆனா மன்னிப்பு வேணாம்."

அவர் அந்த வார்த்தையை அடித்தார். தாளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நொத்தேர் ஆபீஸில் வேலை பார்த்த தேவதாஸையும், டிக்கெட் போட்ட ஹேமலதாவையும் பார்த்தார்.

"அப்ப கடைசி வரில இன்னா எழுதறது?"

அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.